பருந்துக்குத் தயிர் சாதம்

(மல்லேஸ்வரத்தில் நடந்த நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறிது சுருக்கி வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு)



செயலாளர் மாமா என்னை அழைத்தபோது, "ஜீவகாருண்யம் என்கிற தலைப்பில் இருபது நிமிஷம் பேசுங்கோ" என்றார். அது பெரிய வார்த்தை. பெரிய வார்த்தைகளைப் பற்றிப் பேச நம்மிடம் நல்ல உபன்யாசகர்கள் இருக்கிறார்கள். நான் வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது ஒரு பருந்தும் ஒரு கிண்ணம் தயிர் சாதமும்தான். அதைச் சொல்கிறேன்.

2014ஆம் வருஷம், ஆடி மாசம். இந்த ஊரில் ஆஷாடக் காற்று கிளம்பினால் மொட்டை மாடி எல்லாம் பட்டம்தான், உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பெல் அடித்து, "அம்மா, ஹத்து பித்திதே" என்றார். ஹத்து என்றால் கன்னடத்தில் பருந்து. கீழே போய்ப் பார்த்தால் தென்னை மரத்தடியில் ஒரு பெரிய பருந்து, ஒரு சிறகு தொங்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. சிறகில் பச்சை நிற நூல் சுற்றியிருந்தது. மாஞ்சா.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. பழைய புடவையைப் போர்த்தி, துணிக்கூடையில் வைத்து, மாடிக்குக் கொண்டு வந்தேன். நூலை என்னால் முடிந்தவரை கத்தரித்தேன். பால்கனியில் வைத்து, தயிர் சாதத்தை நன்றாகக் குழைத்து, உப்புப் போடாமல், ஒரு கிண்ணத்தில் வைத்தேன். தினமும் காக்காய்க்கு வைக்கிறோமே, அதே பாவனைதான். இங்க் ஃபில்லரால் வாயில் தண்ணீர் விட்டேன். விபூதியும் இட்டேன் என்றால் சிரிப்பீர்கள். பருந்துக்கு நெற்றி எது என்று தெரியாமல் கூடையின் மேல் இட்டேன்.

அது சாப்பிடவில்லை. முதல் நாள் பயம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நெய் விட்டுப் பருப்பு சாதம் வைத்தேன். என் ஆத்துக்காரர் பேப்பரைத் தாழ்த்தி, "அடுத்தது ரசமா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் என் நாத்தனார் பெண் வந்தாள். பால்கனியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அவள்தான் எங்கேயோ போன் பண்ணினாள். ஒரு மணி நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பையன் வந்தான். இஞ்ஜினீயரிங் படிக்கிறவன், இருபது வயசு இருக்கும். கையில் ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டி. கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆன்ட்டி, இது கறி சாப்பிடற பறவை" என்றான். அவ்வளவுதான். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

என்ன தப்புப் பண்ணினேன் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். பறவையின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பாய்மரத் துணி மாதிரி மெல்லிய தோல் ஒன்று உண்டு. அதன் விளிம்புக்குள் ஒரு தசைநார் ஓடுகிறது. மாஞ்சா அறுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். சில மணி நேரத்துக்குள் டாக்டர் கைக்குப் போனால் சுத்தம் செய்து தைக்க வாய்ப்பு உண்டு. இரண்டு நாள் வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் ஓரம் காய்ந்து கறுத்துவிடும், தைக்க உயிருள்ள தோல் இருக்காது. தண்ணீர் விட்டது இன்னும் மோசம். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. நாம் ஃபில்லரால் விடும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகலாம். விபூதி மட்டும் கெடுதல் செய்யவில்லை.

அந்தப் பருந்து என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் அந்த மையத்துக்கு முதலில் போனேன். நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வலை போட்ட கூண்டுகள், ஒரு மேஜை, ஒரு பழைய ஃப்ரிட்ஜ். "ட்ரீட்மென்ட் நடக்கிறது" என்றார்கள். ஒரு ரிஜிஸ்தர் மேஜை மேல் கிடந்தது. கோணல் மாணலாக எழுதியிருந்தார்கள். வங்கிக்காரிக்கு அது பொறுக்குமா? "இதை நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். செவ்வாய், வெள்ளி என்று ஆரம்பித்து இன்று வரை போய்க்கொண்டிருக்கிறேன்.

நம் ஊரில் இந்த வேலை எப்படி ஆரம்பித்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்று ஒரு ஆங்கிலேய அம்மையார், 1906ல் பிறந்தவர். 1959ல் எங்கேயோ போகிற வழியில் டெல்லியில் இறங்கினார். அங்கே சாகக் கிடந்த ஒரு குதிரையின் கண்ணைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டார். டெல்லியில் ஒரு காப்பகம், பிறகு 1980ல் ஜெய்ப்பூரில் ஒன்று, கடைசியில் 1991ல் நம் பெங்களூரில் 'க்யூபா' என்று இன்று எல்லோரும் சொல்கிற அமைப்பு. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. அந்த வயசில் நாம் பென்ஷன் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்கவே ஆட்டோ கிடைக்குமா என்று பார்ப்போம். 1996ல் காலமானார். அதே 1996ல் 'பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்' அமைப்பின் பெங்களூர் கிளை தொடங்கியது. கெங்கேரி பக்கம் அவர்கள் வன உயிர்களுக்கென்றே ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். பன்னேருகட்டாவில் ஒன்று, பறவைக்கும் பாம்புக்கும் மட்டும் தனியாக ஒன்று என்று இப்போது பல சிறு குழுக்கள் இருக்கின்றன. நாய், பூனை, மாடு பார்ப்பவர்கள் வேறு. எல்லோருமே நன்கொடையிலும் தொண்டர்களிலும்தான் ஓடுகிறார்கள்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால், தலை நிமிர்ந்து சொல்லலாம். மதுரையில் 1904ல் நீலகண்ட சாஸ்திரிகளின் மகளாகப் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா என்றால் தெரியாதவர் கிடையாது. ஆனால் ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, மிருகங்களை வதைப்பதைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960ல் சட்டம் வந்தது. 1962ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே தலைவர்.

இன்னொரு தம்பதி, கேப்டன் சுந்தரமும் உஷா சுந்தரமும். இவர்களுக்கு நம் ஊர் சம்பந்தம் உண்டு. சுந்தரம் மைசூர் மகாராஜாவின் விமானி. ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949ல் தேர்ச்சி பெற்ற முதல் நபர் உஷா. பிறகு சென்னைக்குப் போனார்கள். 1959ல் ஒரு மழை நாளில் தெருவெள்ளத்தில் மூழ்க இருந்த இரண்டு நாய்க்குட்டிகளைச் சுந்தரம் தூக்கிக்கொண்டு வந்ததில் தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ். நாய்க்குட்டியைத் தூக்கினால் வீட்டுக்குக் கொண்டு போகலாம், பால் சாதம் போடலாம். அது நம்மோடு பத்தாயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பிராணி. பருந்து அப்படியில்லை. என் விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மையத்தில் முதல் ஆறு மாசம் நான் ரிஜிஸ்தர் எழுதினேன், துண்டு துவைத்தேன், காகிதம் விரித்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்ததில்லை. அதற்குள் கோழி இருக்கும். பருந்து, ஆந்தை எல்லாம் அதைத்தான் சாப்பிடும். வெறும் சதையும் போதாது, எலும்போடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் குஞ்சுகளுக்குக் கால் எலும்பு வளைந்துவிடும். யாரோ வெட்டுவார்கள், யாரோ ஊட்டுவார்கள், நான் அந்த நேரம் வாசலில் நிற்பேன். எங்கள் ஆத்தில் முட்டை கலந்த பிஸ்கட்கூட வாங்கியது கிடையாது. இங்கே இருக்கிற பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் வந்தது. பெங்களூரில் பருந்துகள் தை, மாசியில் கூடு கட்டும். சித்திரை வெயிலில் குஞ்சுகள் விழும், பெரிய பறவைகளே நாக்கு வறண்டு மயங்கி விழும். அன்று காலையில் மட்டும் வரிசையாகப் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். பையன்கள் இரண்டு பேர் பறவை எடுத்துவர வெளியே போயிருந்தார்கள். கூண்டில் பஞ்சு உருண்டை மாதிரி ஆறு குஞ்சுகள், பசியில் கத்துகின்றன. அங்கே இருந்த பெண் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும். தானே இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள்.

நான் கையுறை போட்டுக்கொண்டேன்.

அதை விவரிக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். கை நடுங்கியது, மூச்சை அடக்கிக்கொண்டேன். இடுக்கியால் ஒரு துண்டை நீட்டினேன். அந்தக் குஞ்சு ஆசையோடு பிடுங்கி விழுங்கிவிட்டு, மறுபடி வாயைத் திறந்து பார்த்தது. என் பால்கனியில் மூன்று நாள் மூடியிருந்த வாயை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஸ்நானம் பண்ணிவிட்டு, ஆத்துக்காரரிடம் சொன்னேன். மறைத்து வைத்து எனக்குப் பழக்கமில்லை. தினமும் சந்தியாவந்தனம் தவறாதவர், என்ன சொல்வாரோ என்று இருந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "கருடன் பாம்பைத்தானே சாப்பிடறார்" என்றார். மோர் விட்டுக்கொண்டு, "ஜடாயுவும் கழுகுதான்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் விவாதம் நடக்கவில்லை. இன்றும் மையத்திலிருந்து வந்தால் ஸ்நானம் பண்ணாமல் அடுக்களைக்குள் போகமாட்டேன். அது வேறு, இது வேறு.

இதைக் கேட்டு மனம் சங்கடப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்கள் நடத்தும் பறவை ஆஸ்பத்திரி இருக்கிறது, 1929ல் தொடங்கியது. இலவசமாக எத்தனையோ புறாக்களையும் கிளிகளையும் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் மாமிசம் தின்னும் பறவையை உள்நோயாளியாக வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கமில்லை. கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் கட்டுப்போட்ட பருந்து எங்கே போகும்? அந்த ஊரிலேயே முகமது சவூத், நதீம் ஷேஜாத் என்று இரண்டு சகோதரர்கள் தங்கள் வீட்டு அடித்தளத்தில் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பற்றி 2022ல் வந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்ற படம் ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. அவசியம் பாருங்கள். நம் ஜீவகாருண்யம் நாம் சாப்பிடுவதையே சாப்பிடுகிற பிராணிகளோடு நின்றுவிட வேண்டுமா என்பது எனக்கு உள்ள கேள்வி. எனக்கு நான் பதில் சொல்லிக்கொண்டுவிட்டேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அணில் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த சபையில் பாதிப் பேராவது அணில் குஞ்சு வளர்த்திருப்பீர்கள். ராமர் தடவிக்கொடுத்த பிராணி, விடுவோமா? ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டும், மெக்கானிக் வந்து கலைப்பார், ரோஸ் நிறத்தில் கண் திறக்காத குஞ்சு கீழே விழும். நாம் உடனே பஞ்சில் பசும்பால் நனைத்து வாயில் வைப்போம். இரண்டு நாள் குடிக்கும், மூன்றாம் நாள் வயிறு உப்பிப் போய்விடும். "விதி" என்போம். விதியில்லை, பால்தான். முதலில் குஞ்சைக் கதகதப்பாக்க வேண்டும், குளிர்ந்த உடம்பில் எதுவும் ஜீரணமாகாது. பிறகு சொட்டுச் சொட்டாக ஓஆர்எஸ் தண்ணீர். அதற்குப் பிறகே நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர், ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சில், குப்புறப் பிடித்து. குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும், தாய் அணில் நாக்கால் செய்கிற வேலை அது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை. இதைச் சொல்வது நீங்கள் வளர்ப்பதற்காக இல்லை, எவ்வளவு வேலை என்று தெரிவதற்காக. முடிந்தால் கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு திறந்த பெட்டியில் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். மனுஷா தொட்டால் அம்மா சேர்த்துக்காது என்று நம் பாட்டிகள் சொன்னது சரியில்லை.

எங்களிடம் வருகிறவற்றில் கணிசமானவை எடுத்தே இருக்கக் கூடாதவை. மைனாக் குஞ்சு இறகு முளைத்துத் தரையில் தத்தித் தத்திப் போகும். அது விழுந்ததில்லை, பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் மேலே கம்பியில் கத்திக்கொண்டிருக்கும். ஸ்கூல் விட்டு வருகிற குழந்தை பாசத்தோடு எடுத்துக்கொண்டு வந்துவிடும். நல்ல மனசு, என்ன செய்வது! பூனை பக்கத்தில் இருந்தால் ஒரு கிளையில் எடுத்து வைத்துவிட்டு வந்தால் போதும்.

வளர்த்துவிட்டால்தான் என்ன என்று கேட்பார்கள். கிளியைக் கேட்பார்கள், முக்கியமாக. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 சட்டப்படி குற்றம். அடிபட்ட வன உயிர் எதுவானாலும் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ போலீஸுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். போன வருஷம் ஒரு மாமி இருபது வயசுக் கிளியைக் கொண்டுவந்தார். "கோவிந்தா" என்று அழகாகச் சொன்னது. சாதம், சூரியகாந்தி விதை தவிர எதுவும் தின்றதில்லை. இறகு உதிர்ந்து, ஒரு கால் வளைந்திருந்தது. அதற்குக் கிளி பாஷை தெரியவில்லை. மற்றக் கிளிகளோடு விட்டால் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, "கோவிந்தா" என்றது. மாமி, ஆண்டாள் கையில் கிளி இல்லையா என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருப்பது தினம் இலையால் புதிதாகக் கட்டுகிற கிளி, மாமி.

மீட்பதைவிடக் கஷ்டம் திருப்பி விடுவதுதான். பருந்துக் குஞ்சு மனுஷா முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு தெருவில் யார் கையில் எது இருந்தாலும் பாய்ந்து வரும், அடிபட்டுச் சாகும். அதனால் பேச்சுக் கொடுக்கக் கூடாது, பேர் வைக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. எனக்கு இது மிகவும் சிரமப்பட்டது. சிறகு இறகு உடைந்தது என்றால் அடுத்த முறை உதிர்ந்து முளைக்கும்வரை மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு நீளமான கூண்டில் பறக்கவிட்டு, மூச்சு வாங்குகிறதா, திரும்பத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் திறப்பார்கள். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்காது. அப்படிப் போனால்தான் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம்.

எல்லாம் போவதில்லை. பறக்கவே முடியாது, வலியும் தீராது என்றால், டாக்டர் ஊசி போடுகிறார். இதை நான் முதலில் ஏற்கவில்லை, பாபம் என்று வாதாடினேன். அவர் என்னை ஒரு கூண்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை, ஆனால் சமாதானமும் ஆகவில்லை. இரண்டும் இருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் பழைய ரிஜிஸ்தர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்தேன். 2014 வந்தது. ஆகஸ்ட். எங்கள் தெருப் பெயர். 'கரும்பருந்து, மாஞ்சா, இடது சிறகு. இரண்டு நாள் வீட்டில் இருந்தது. தயிர் சாதம், வாயில் தண்ணீர்' என்று அந்த இஞ்ஜினீயரிங் பையனின் கோணல் எழுத்தில் இருந்தது. கடைசிக் கட்டத்தில், வந்து பதினோராம் நாள், ஊசி போட்ட குறி. நான் அத்தனை நாள் கேட்டபோதும் "ட்ரீட்மென்ட் நடக்கிறது", பிறகு "விட்டாச்சு ஆன்ட்டி" என்றார்கள். அந்தப் பையன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அந்த வரியையும் மற்ற வரிகளைப் போலவே அடித்து முடித்தேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மணி ஆகிறது, கேசரி ஆறுகிறது.

அடிபட்ட பறவையைப் பார்த்தால் ஒரு துண்டைப் போர்த்தி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இருட்டு மூலையில் வையுங்கள். சாதம் வேண்டாம், பால் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். அதே நிமிஷம் போன் பண்ணுங்கள். உங்கள் பேட்டைக்கு வருகிற மையத்தின் எண்ணை இன்றைக்கே கண்டுபிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பருந்தாக இருந்தால் அலகுக்குப் பயப்படாதீர்கள், கால் நகத்துக்குப் பயப்படுங்கள். சிறகில் நூல் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள், இருக்கிறபடியே விட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

நைலான் மாஞ்சாவை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. இருந்தும் கிடைக்கிறது. பருத்தி நூலிலும் கண்ணாடித் தூள் தடவினால் அறுக்கத்தான் செய்யும், ஸ்கூட்டரில் போகிறவர் கழுத்தையும் அறுக்கும். பட்டம் போன பிறகும் நூல் மரத்தில் வருஷக்கணக்காக இருக்கும். ஆடி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் மொட்டை மாடியிலும் எட்டுகிற மரத்திலும் தொங்குகிற நூலை எடுத்து, துண்டு துண்டாகக் கத்தரித்துக் குப்பையில் போட முடியுமா? நம் சங்கத்துப் பையன்கள் நாலு பேர் கம்பு எடுத்துக்கொண்டு வந்தால் பதினைந்தாவது கிராஸிலிருந்து ஆரம்பிக்கலாம். பேர் கொடுக்கிறவர்கள் செயலாளர் மாமாவிடம் கொடுங்கள்.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி வைத்திருக்கிறேன். பழைய துண்டு, பழைய பருத்திப் புடவை, தமிழ் ஆங்கிலம் எந்த நியூஸ்பேப்பரானாலும் போடலாம். பட்டுப் புடவை வேண்டாம், நகத்தில் சிக்கும்.